மாப்பிள்ளையின் போர்ஷேயும் திருச்செந்தூர் ரோட்டு ஒர்க் ஷாப்பும்

ஒர்க் ஷாப்பின் பெயரைப் போடவில்லை. மாப்பிள்ளையின் போர்ஷேயை இங்கே சர்வீஸுக்கு விட்ட அனுபவத்தை எழுதப் போகிறேன் என்று சொன்னதும், ஒர்க் ஷாப் நடத்துகிற அண்ணாச்சி, "எழுதுங்க சார், பேர மட்டும் போட்டுராதீய. இருக்க வேலையே முடிய மாட்டேங்கு" என்றார். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் வி.எம்.சத்திரம் தாண்டிப் போனால், டெம்போ டிராவலரும் டாடா ஏஸும் வரிசையாக நிற்கும் தகரக் கொட்டகை ஒன்று வரும். தேவைப்படுகிறவர்கள் விசாரித்தால் கண்டுபிடித்துவிடலாம்.

வண்டி போர்ஷே பாக்ஸ்டர். 2011 மாடல், 2.9 லிட்டர் எஞ்சின், பி.டி.கே. என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், துணிக் கூரை. மாப்பிள்ளையுடையது. சென்னையில் வேலையில் இருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கினார். மஸ்கட்டுக்கு மாற்றலானதும் பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். பொங்கலுக்கு வருவார், குற்றாலம் சாரலுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் சாவி என்னிடம்தான்.

நான் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் இருந்த காலத்தில் டிப்போ ஸ்டோரில் சேர்ந்து, ஸ்டோரிலேயே ரிட்டயர் ஆனவன். ஃபில்டரையும் பேரிங்கையும் எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த ஆள். அதனால் மெக்கானிக்குகளைப் பார்க்கும்போது கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பார்ப்பேன். அதிலும் இது மாப்பிள்ளை வண்டி. நம் வண்டியில் கீறல் விழுந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டுவிடலாம். மாப்பிள்ளை வண்டியில் விழுந்தால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

போர்ஷேக்குத் திருநெல்வேலியில் கம்பெனி சர்வீஸ் கிடையாது. சென்னைக்குப் போனால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். கொச்சிக்குப் போனால் தூரம் பாதி, ஆனால் செங்கோட்டை, ஆரியங்காவு மலை ரோடு. ஆயில் மாற்றுவதற்கெல்லாம் வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பினால், லாரி வாடகையில் ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கிவிடலாம். வண்டி ஓடாமல் நிற்பதால் வேலை இல்லை என்று நினைக்கக் கூடாது. கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயில் மாற்ற வேண்டும். டயருக்கும் பேட்டரிக்கும் சும்மா நிற்பதே வியாதி.

அண்ணாச்சியிடம் வருவதற்கு முன்னால் வேறு ஊரில் ஒரு கடையில் விட்டோம். கண்ணாடிச் சுவர், ஏ.சி. ரூம், காபி மிஷின் எல்லாம் உண்டு. அங்கே டிராலி ஜாக்கை எடுத்து, கதவுக்குக் கீழே எங்கே படுகிறதோ அங்கே கொடுத்துத் தூக்கினார்கள். பிளாஸ்டிக் நொறுங்குகிற சத்தம் எனக்கு ரூமுக்குள் கேட்டது. வீல் போல்ட்டை ஏர் கன்னால் இறுக்கிவிட்டு, "டைட்டா இருக்கு சார், பயமே இல்ல" என்றார்கள். பயம் அங்கேதான் ஆரம்பித்தது.

அண்ணாச்சி முதல் நாள் வண்டியைத் தொடவே இல்லை. சுற்றி வந்தார். முன்னால் மூடியைத் திறந்து பார்த்தார், பெட்டி வைக்கிற இடம். பின்னால் திறந்தார், அங்கேயும் பெட்டி வைக்கிற இடம்.

"என்னவே இது, முன்னயும் டிக்கி பின்னயும் டிக்கி, எஞ்சின எங்க வச்சிருக்கான்?"

சீட்டுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்றேன். ஆறு சிலிண்டரும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த வாக்கில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆயில் ஊற்றுகிற மூடியும் கூலன்ட் மூடியும் மட்டும் பின் டிக்கிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் தலையாட்டிவிட்டு, "புஸ்தகம் இருந்தா குடுங்க, ரெண்டு நாள் வாசிச்சிட்டுச் சொல்லுதேன்" என்றார். மாப்பிள்ளை அனுப்பியிருந்த ஒர்க் ஷாப் மேனுவலைப் பிரிண்ட் எடுத்து, ஜங்ஷனில் ஸ்பைரல் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது ஓரமெல்லாம் பேனாக் குறிப்பும் விரல் கிரீஸும். டிப்போவில் இத்தனை வருடத்தில் மேனுவலில் கிரீஸ் பட்டு நான் பார்த்தது குறைவு.

ஒரு சந்தேகமும் கேட்டார். பழைய பாக்ஸ்டரில் எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்குகிற ஐ.எம்.எஸ். பேரிங் உடைந்து எஞ்சினே போய்விடும் என்று யூடியூபில் பார்த்திருக்கிறார். அது உண்மைதான். ஆனால் 2009இல் வந்த புது எஞ்சினில் அந்த இடைத்தண்டையே எடுத்துவிட்டார்கள். இந்த வண்டியில் அந்தத் தலைவலி இல்லை. வாங்க நினைக்கிறவர்கள் வருடத்தைப் பார்த்து வாங்குங்கள்.

தூக்குவதற்கு இரண்டு தூண் லிஃப்ட் இருக்கிறது. வண்டி மிகவும் தாழ்வு என்பதால் லிஃப்டின் கை அடியில் நுழையாது. அதற்காக நான்கு சக்கரத்துக்கும் பலகை போட்டு ஏற்றினார்கள். ஜாக் பாயின்ட் நான்கையும் டார்ச் அடித்துத் தேடி, ரப்பர் கட்டை வைத்து, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கியதும் நிறுத்தி, பொடியனை விட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் மேலே ஏற்றினார். முந்தைய கடைக்காரர்கள் உடைத்த பிளாஸ்டிக்கைப் பார்த்து, "சவத்துப் பயலுவ" என்றார். அவ்வளவுதான், அடுத்தவன் வேலையைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. இதற்கே நான் ஒரு ஸ்டார் கொடுப்பேன்.

ஆயில் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த எஞ்சினுக்கு ஏழரை லிட்டர் அளவுக்குப் பிடிக்கும், நம்ம ஊர் சின்னக் கார்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மொபில் 1, 0டபிள்யூ-40. டப்பாவில் போர்ஷேயின் ஏ40 அங்கீகாரம் போட்டிருக்க வேண்டும். இது நானே வாங்கிக்கொண்டு போனது. ஃபில்டர் மாலே கம்பெனியுடையது. பழைய ஆயிலை இறக்குகிற டிரெயின் பிளக்குக்குப் புது அலுமினிய வாஷர். பழைய வாஷரையே திருப்பிப் போட்டு மாட்டுகிற பழக்கம் நம் ஊரில் பாதிக் கடையில் உண்டு. இங்கே பழையதை நசுக்கி என் கையில் கொடுத்துவிட்டார்கள், மறுபடி போட மாட்டோம் என்பதற்குச் சாட்சியாக.

எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினார். ஆயில் கறுப்பாக, தடையில்லாமல் இறங்கியது. நாம் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் ஒழுகிக்கொண்டேதான் இருக்கிறது. கடைசிச் சொட்டு வரைக்கும் விட்டார். ஃபில்டர் காகிதச் சுருள்தான், வெட்ட வேண்டியதில்லை. அதன் மடிப்பை ஒவ்வொன்றாக விரித்து, வெள்ளைத் துணியில் ஒற்றி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். மினுமினுப்பு ஏதாவது தெரிந்தால் உள்ளே எதுவோ தேய்கிறது என்று அர்த்தம். ஒன்றும் இல்லை. பார்த்த துணியையும் என்னிடம் காட்டினார்.

இறுக்க வேண்டிய அளவு பிளக்குக்கு 50 நியூட்டன் மீட்டர், ஃபில்டர் கூடுக்கு 25. இதை டார்க் ரெஞ்சில் வைத்துக் 'கிளிக்' கேட்டதும் நிறுத்தினார். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பிறகு நடந்ததுதான். வேலை முடிந்ததும் ரெஞ்சின் கைப்பிடியைத் திருகி, ஸ்பிரிங்கைத் தளர்த்தி, அளவைக் கீழே கொண்டுவந்த பிறகு பெட்டியில் வைத்தார். இறுக்கிய நிலையிலேயே போட்டுவைத்தால் ஸ்பிரிங் சோர்ந்து, அடுத்த வருடம் அந்த ரெஞ்ச் பொய் சொல்லும். ஸ்டோரில் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன் நான். இங்கே யாரும் சொல்லாமலே நடக்கிறது.

புது ஆயிலை முழுக்க ஊற்றவில்லை, கடைசி அரை லிட்டரை நிறுத்திக்கொண்டார். இந்த வண்டியில் உருவிப் பார்க்கிற டிப் ஸ்டிக் கிடையாது, மீட்டர் பக்கத்துத் திரையில்தான் அளவு காட்டும். அதுவும் ஆயில் நன்றாகச் சூடாகி, வண்டி சமதளத்தில் நின்றால்தான். கொட்டகைத் தரை ஒரு பக்கம் சாய்வு. அதனால் ரோட்டில் ஓட்டிச் சூடாக்கி, சமமான ஓர் இடத்தில் நிறுத்தி, திரையைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அதிகமாக ஊற்றிவிட்டால் இந்த எஞ்சினில் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

அடுத்தது ரேடியேட்டர். இந்த ஊரில் இந்த மாதிரி வண்டி வைத்திருக்கும் யாரும் இதைப் படிக்காமல் போக வேண்டாம்.

பாக்ஸ்டரில் எஞ்சின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர் முன்னால்தான், பம்பரின் இரண்டு பக்கத்திலும் இருக்கிற வாய்க்குள். அதற்கு முன்னால் ஒட்டினாற்போல் ஏ.சி. கண்டன்ஸர். அந்த வாய்க்குத் தடுப்பு எதுவும் கிடையாது. ரோட்டில் கிடப்பதெல்லாம் உள்ளே போய்விடும். ஜெர்மனியில் என்ன போகுமோ தெரியாது, இங்கே மாப்பிள்ளை சாரலுக்கு வருகிற சமயம் மலை இடுக்கு வழியாகக் காற்று வந்து ஊரையே தூக்குகிற சமயம். தென்காசி ரோட்டில் இரண்டு தடவை போய்வந்தால் போதும்.

பம்பரைக் கழற்றியதும் நானும் குனிந்து பார்த்தேன். சீமைக் கருவேல இலை, பொடிப்பொடியாக, ஈரத்தோடு சேர்ந்து ஒரு விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது. அதற்குள் வேப்பம்பூ, பனை நார், கோழி இறகு, அல்வாக் கடைப் பிளாஸ்டிக் கவர் ஒன்று. கையால் பெயர்த்தால் ஈர அடை மாதிரி வந்தது. இது அழகுப் பிரச்சினை இல்லை. ஈர இலை அலுமினியத்தோடு ஒட்டி மக்கினால் கண்டன்ஸர் அரித்து, கேஸ் ஒழுகி, ஒரு நாள் ஏ.சி. சூடாக ஊதும். "கேஸ் போட்டா சரியாயிரும்" என்று சொல்கிறவன் கேஸ் மட்டும் போட்டு அனுப்புவான். ஓட்டையும் இலையும் அப்படியே இருக்கும்.

பொடியன் பிரஷர் கன்னை எடுத்துக்கொண்டு வந்தான். "ஏல, அத வை. தகடு மடங்கிப் போவும்" என்று அண்ணாச்சி அதட்டினார். கண்டன்ஸரை இழுத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் இருந்ததைப் பெயின்ட் பிரஷ்ஷால் எடுத்து, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீரை விட்டார். மடங்கியிருந்த தகடுகளை ஒரு சின்னச் சீப்பால் நிமிர்த்தினார். இதற்கே முக்கால் நாள் ஆனது. கூலியைச் சொல்லும்போது அவரே தயங்கினார். நான் தயங்கவில்லை. அடுத்த முறை வாய்க்குள் எஃகு வலை வெட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீடியோ காலில் பார்த்து, "கம்பெனி வச்ச மாதிரி இருக்கு மாமா" என்றார். இப்போது இலை வெளியே நிற்கிறது, தட்டினால் விழுந்துவிடும்.

கூரைத் துணி மடிகிற இடத்தில் தண்ணீர் வடிகிற துவாரங்கள் இருக்கின்றன. அவற்றையும் இதே மாதிரி பார்க்க வேண்டும். அடைத்துக்கொண்டால் ஐப்பசி மழை சீட்டுக்கு அடியில் தேங்கும், கார்ப்பெட் நாறும், வயரிங் கெடும். வளைகிற பிளாஸ்டிக் வயரை விட்டு மெதுவாகக் குத்தி, கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி, கீழே வருகிறதா என்று பார்த்தார்கள்.

பிரேக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாலு வீலிலும் பிரேக் பேடை அமுக்குகிற நாலு பிஸ்டன் காலிப்பர். ஒவ்வொன்றிலும் காற்று எடுக்கிற நிப்பிள் இரண்டு இருக்கிறது, உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. வெளியே இருப்பதை மட்டும் திறந்து பழைய ஆயிலை எடுத்தால் பாதி காலிப்பரில் பழையதுதான் நிற்கும். அண்ணாச்சி கேட்காமலே இரண்டையும் திறந்தார்.

இந்த வண்டியின் வீலில் நட்டு கிடையாது, எல்லாம் போல்ட். இறுக்குகிற அளவு 130 நியூட்டன் மீட்டர். அதில் ஒன்றுக்குத் திருட்டைத் தடுக்கிற பூட்டு உண்டு, அதற்கென்று தனிச் சாவி. முன்னால் பார்த்த கடைக்காரர்கள் ஏர் கன்னில் இறுக்கியதில் அந்தச் சாவியின் பல் தேய்ந்திருந்தது. சாவியை ஒரு பையில் போட்டு, பைக்குப் பெயர் எழுதி, ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிட்டுத்தான் வண்டியைத் திருப்பித் தருவார் அண்ணாச்சி. டயர் முன்னால் ஒரு அளவு, பின்னால் அகலம் கூட. முன்னுக்குப் பின் மாற்றிப் போடுகிற வேலை இதில் இல்லை. வீல் அலைன்மென்ட் இங்கே கிடையாது, அதற்கு வேறு இடம்தான் போக வேண்டும்.

ஒரு தடவை பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. பேட்டரி முன் டிக்கிக்குள் இருக்கிறது, முன் டிக்கி கரன்ட்டில்தான் திறக்கும். யோசித்துப் பாருங்கள். போன் செய்ததும் டி.வி.எஸ். எக்ஸெல்லில் ஒரு பேட்டரியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ஃபியூஸ் பெட்டி மூடியைத் திறந்தால் உள்ளே வெளியே இழுக்கிற மாதிரி ஒரு பிளஸ் முனை இருக்கிறது. அதில் பிளஸ்ஸைக் கொடுத்து, மைனஸைக் கதவுப் பூட்டு மாட்டுகிற இரும்பில் பிடித்து, சாவியில் முன் டிக்கி பட்டனை அமுக்கினால் மூடி 'டக்'கென்று விடுகிறது. மேனுவலில் இருக்கிறதுதான். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு அதை நினைவு வைத்துக்கொண்டு வருகிற ஆள் வேண்டுமே. மறுநாளே சொருகி வைக்கிற சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டோம்.

எதைச் செய்ய மாட்டார் என்பதும் தெரிந்துகொள்ளுங்கள். பி.டி.கே. கியர்பாக்ஸ் ஆயிலைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கம்பெனி கம்ப்யூட்டரைச் சொருகி, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அளவு பார்த்து நிரப்ப வேண்டிய வேலை அது. "எங்கிட்ட அந்த மிஷின் இல்ல சார். கேட்டியளா, இதுல அனுமானம் ஆவாது. கொச்சிக்கே கொண்டு போயிருங்க." வருமானம் வருகிற வேலையை வாசலோடு திருப்பி அனுப்புகிற மெக்கானிக்கை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? அந்த ஒரு வேலைக்கு மட்டும் லாரி பிடித்தோம். லாரியில் ஏற்றும்போது எங்கே கொக்கி மாட்ட வேண்டும் என்று அண்ணாச்சியே வந்து காட்டிவிட்டுப் போனார். அதற்குக் காசு வாங்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. தரை மண், மேல் காற்றுக்கு ரோட்டுப் புழுதி முழுக்க உள்ளே வரும். வெள்ளை வண்டியை விட்டால் காவி வண்டியாகத்தான் திரும்பும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு டாடா ஏஸுக்குப் போனபோது நான் ஒரு துணியைப் போட்டு மூடினேன். அதைச் சொன்னேன், பிறகு கவர் போட்டார்கள். போன் எடுக்க மாட்டார். நாளைக்கு என்றால் நாளன்றைக்கு. பில் கேட்டால் முதலில் டைரித் தாளில் எழுதித் தருவார், அழுத்திக் கேட்டால்தான் அச்சடித்த பில் வரும். உட்கார ஒரு பிளாஸ்டிக் சேர், அதிலும் கால் ஒன்று ஆட்டம். வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காத்திருக்க முடியாது.

எலிக்கும் அவரிடம் மருந்து இல்லை. வீட்டுக்குப் பின்னால் காலி மனை என்பதால் எஞ்சின் வயரைக் கடித்துவிடுமோ என்ற கவலை எனக்கு. ஷெட்டுக்குள் வெளிச்சம் போட்டு வைக்கச் சொன்னார், வாராவாரம் வெறுமனே ஸ்டார்ட் பண்ணி அணைத்துவிடாமல் ரெட்டியார்பட்டி வரைக்காவது ஓட்டி வரச் சொன்னார். சும்மா ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பது எஞ்சினுக்குக் கெடுதல்தான். இப்போது ஞாயிறு காலை நாலுவழிச் சாலையில் மூன்றடைப்பு வரை போய்த் திரும்புகிறேன். பெட்ரோல் 95 ஆக்டேன்தான். 98 போடச் சொல்லித்தான் கம்பெனி எழுதியிருக்கிறது. 95க்கு எஞ்சினே தன்னைச் சரிசெய்துகொள்ளும். 95க்குக் கீழே போடாதீர்கள்.

கூலி நியாயம். ஆயில், ஃபில்டர் நீங்கள் வாங்கிக் கொடுத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். மிச்சமான அரை லிட்டரை டப்பாவோடு திருப்பித் தருவார். பாகங்களைப் பார்ட் நம்பர் பார்த்து முன்னாடியே வரவழைத்துக்கொண்டு, வண்டியை விடுங்கள். பிரித்துப் போட்டுவிட்டுக் கூரியருக்குக் காத்திருந்தால் கொட்டகையில் இடம் அடைபடும், அது அவருக்குப் பிடிக்காது. மேனுவல் கொண்டு போங்கள். வீல் பூட்டுச் சாவி எங்கே என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அந்த ஒன்று புழுதிக்கும் போனுக்கும். ஜிபே உண்டு. ஞாயிறு லீவு, ஊர்க் கோயில் கொடை சமயத்தில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் பூட்டியிருக்கும், கேட்டுக்கொண்டு போங்கள். எங்களுக்குப் பிரேக் ஆயில் தை மாதம் வருகிறது. மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.